ஜீப்புக்கு முந்தி வந்த பேஸ்

சுருளிவேல் தன் ஜீப்பில் இரண்டாவது ஊஃபர் ஸ்பீக்கரை மாட்டிய மறுநாள், பாட்டிலிருந்து டம் டம் என்கிற பேஸ் மட்டும் தனியே கழன்று, ஜீப் இன்னும் மலை மேலேயே நின்றுகொண்டிருக்கும்போது கீழே மஞ்சக்குளத்துக் கீழத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. வந்து, தகரக் கூரைகளைத் தடதடக்க வைத்து, அடுப்படிப் பலகையில் கவிழ்த்திருந்த சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாக விளிம்புக்கு நகர்த்தி, படுத்திருந்த நாய்களை எழுப்பி இடம் மாற்றிப் படுக்க வைத்து, ஒரு பாட்டு முடிகிற நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டது. அது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தெருவில் வண்டி எதுவும் கிடையாது. பொழுது சாயும்போது சுருளியின் ஜீப் வந்தது, அதே பாட்டைப் பாடிக்கொண்டு, ஆனால் பேஸே இல்லாமல், டப்பாவுக்குள் கொசுவைப் பிடித்து அடைத்த மாதிரி.

ஏன் அப்படி என்று கேட்டால் பதில் கிடையாது. வந்தது, அவ்வளவுதான்.

கீழத்தெருப் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குகிறவர்கள். எந்த ஜீப்பில் ஏறுவது என்பதை அவர்கள் டிரைவரின் முகத்தைப் பார்த்தோ டயரைப் பார்த்தோ முடிவு செய்வதில்லை. காலையிலிருந்து ஏலச்செடித் தூரில் குனிந்தே கிடந்த இடுப்பு, சாயங்காலம் பலகையில் உட்காரும்போது கட்டை மாதிரி இருக்கும். பலகைக்கு அடியில் பெட்டி வைத்து ஊஃபர் மாட்டிய வண்டி என்றால், அது குத்துகிற குத்தில் மலை இறங்கி முடிவதற்குள் இடுப்பு இளகிவிடும், இரவு தைலம் தேய்க்கச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இதை டாக்டர் யாரும் சொல்லவில்லை. பெண்கள் சொன்னார்கள், பெண்கள் நம்பினார்கள். பக்கத்துத் தெருப் பால்பாண்டியின் ஜீப்பில் நல்ல குத்து உண்டு. அதனால் சுருளியின் ஜீப்பில் ஏறியவர்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சப் பேர் நகர்ந்தால் சுருளி வண்டியை நிறுத்திவிட்டு வேறு எவனுக்காவது கிளீனராகப் போக வேண்டியதுதான். டிரைவர் பேட்ஜ் வாங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், பெயிலாகி விடவில்லை, பிடிக்காமல் விட்டவன். ஏண்டா விட்ட என்று கேட்டால் "உக்கார முடியல" என்று உண்மையைச் சொல்கிறவன். வண்டி ஓட்டும்போது மட்டும் அவனால் உட்கார முடிந்தது.

"என்னப்பா சுருளி, ரெண்டு ஊஃபர் போட்டேன்ன, ஒண்ணும் குத்தலையே" என்றாள் லோகமணி. அவள்தான் கங்காணி, யார் வேலைக்கு வருகிறார்கள், யார் வரவில்லை, யார் எந்த ஜீப் என்று சொல்கிறவள்.

"போகப் போகக் குத்தும் சின்னம்மா."

"போகப் போக நாங்க பால்பாண்டி வண்டிக்குப் போயிருவோம்."

சுருளி செய்யாத வேலை கிடையாது. எர்த் வயர் உட்கார்ந்த போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கிற வரைக்கும் தேய்த்து மறுபடி முறுக்கினான். பெட்டியில் காற்று கசிகிறதா என்று ஊதுபத்தி கொளுத்தி மூட்டு மூட்டாகப் புகையைக் காட்டி, புகை ஆடிய இடத்தில் எல்லாம் எம்-சீல் அப்பினான். தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சைப் பெட்டிக்குள் திணித்தான். பெட்டியைப் பின்கதவைப் பார்க்கத் திருப்பினான், முன்னால் திருப்பினான், மல்லாக்கப் போட்டான். ஆம்ப்ளிஃபயர் திருகைக் கருகல் வாசம் வருகிற வரைக்கும் முறுக்கினான். கொசு கொஞ்சம் பெரிய கொசுவாக ஆனது.

அவன் அம்மா பவுனுத்தாயிதான் முதலில் சொன்னாள். அவளுக்குக் காது கேட்காது. சுருளி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வந்த காய்ச்சலில் காது போய், அப்புறம் பேச்சும் தேய்ந்து, கையாலேயே எல்லாம் பேசுகிறவள். அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துச் சுவரில் வைத்து, தன் நெஞ்சைத் தட்டி, வாசலைக் காட்டி, மறுபடி சுவரைத் தட்டினாள். சுருளி பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டு மறுநாள் வாங்கி வந்து கொடுத்தான். அவள் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் சுவரைத் தட்டினாள்.

விசயத்தை வாயால் சொன்னது லோகமணியின் புருசன் மொக்கராசு. தெரு முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறவர். பார்சல் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"உன் பேஸு நாலு மணிக்கே வந்துட்டுப் போயிருச்சுப்பா. நீ இப்பத்தான் வர்ற."

"எது?"

"பேஸு. அந்த நீலச்சேலைப் பாட்டு. நேத்தும் வந்துச்சு. என் கடை மிட்டாய் பாட்டில் எல்லாம் ஒரு முழம் தள்ளி நிக்குது பாரு."

சுருளி பாட்டில்களைப் பார்த்தான். நிஜமாகவே தள்ளித்தான் நின்றன. அவன் தெருவுக்குள் நுழையும்போது ஜீப்பில் ஓடிக்கொண்டிருந்ததும் நீலச்சேலைப் பாட்டுத்தான்.

இப்படி, ஜீப் தெருவுக்குள் வரும்போது எந்தப் பாட்டு பாடுமோ அந்தப் பாட்டின் பேஸ், ஜீப் மலையிலிருந்து கிளம்புவதற்கும் முன்னால், அதுபாட்டுக்குத் தினமும் வந்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் கிடையாது, பேஸும் கிடையாது. கோயில் கொடைக்கு லீவு விட்டால் அதுவும் லீவு. ஒரு தடவை டயர் பஞ்சராகி ஜீப் தாமதமாக வந்த அன்றைக்குப் பேஸும் அதே அளவு தாமதமாக வந்தது. பஞ்சர் ஆவதற்கு முன்னாலேயே தாமதமாக வந்தது.

தெரு இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. முதல் வாரம் டம்ளர்களை எல்லாம் தரையில் இறக்கி வைத்தார்கள். அடுத்த வாரம் குழந்தைகளை அடக்குவதற்கு அது பயன்பட ஆரம்பித்தது: பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும் என்று நச்சரிக்கிற பிள்ளைகள், கூரை தடதடத்ததும், சரி, அம்மா வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தன, ஏனென்றால் பேஸ் வந்த பிறகு ஜீப் வராமல் போனது ஒரு நாளும் கிடையாது. பம்புசெட்டு ரூமில் சீட்டாடுகிற ஆண்கள் சுவர் அதிர்ந்ததும் இன்னும் ரெண்டு ஆட்டம்தான் என்று கணக்குப் போட்டு விளையாடி, எழுந்து, வாய் கொப்பளித்து, வீட்டுக்குப் போய் அடுப்பில் வெந்நீர் போட்டு வைத்து, நாள் முழுக்க அங்கேயே இருந்த முகத்தோடு உட்கார்ந்துகொண்டார்கள். குடிதண்ணீர் வால்வு திறக்கிறவர் தன் வாட்சைக் கழற்றிவிட்டார். மொக்கராசு பேஸ் வந்ததும் பருப்பு ஊறப் போட்டு, ஜீப் வரும் நேரத்துக்குச் சுடச்சுட வடை எடுத்தார். அடைக்கு வைத்த கோழிகள் மட்டும் கொஞ்ச நாள் முட்டையை விட்டு எழுந்து ஓடின. அப்புறம் அவையும் அசையாமல் இருக்கப் பழகிவிட்டன. அந்த வருசம் பொரித்த குஞ்சுகள் எல்லாம் நடக்கும்போது தலையை ஆட்டி ஆட்டி நடந்தன, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தப் பாட்டு என்று சொல்வதில் பவுனுத்தாயியை அடிக்க ஆளில்லை. காது கேட்கிறவர்களுக்கு டம் டம் என்று மட்டும் கேட்டது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்று, முடிந்ததும் நேராக மொக்கராசு கடைக்குப் போய், பலகையில் அதை விரலால் தட்டிக் காட்டுவாள். அவர் இரண்டு மூன்று பாட்டுப் பெயர்களை வாயசைத்துப் பார்த்து, அவள் தலையாட்டியதும் தெருவுக்கே சத்தமாக அறிவிப்பார். சாயங்காலம் ஜீப் அந்தப் பாட்டோடு வந்து நிற்கும். மகன் பேசியது எதையும் கேட்டிராதவள், அவன் இன்றைக்குச் சந்தோசமாக வருகிறானா எரிச்சலோடு வருகிறானா என்று தெருவில் எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டாள். எரிச்சல் என்றால் குழம்பில் ஒரு முட்டை கூடுதலாக உடைத்து ஊற்றினாள்.

சுருளி ஒரு நாள் போன் போட்டு, "இன்னைக்கு என்ன பாட்டு வந்துச்சு" என்று மொக்கராசிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே வேறு பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் வண்டிக்குள் தலையை விட்டு, பிளேயரை நோண்டி, பாட்டை மாற்றிவிட்டு, "இது நல்லாருக்கும், கேளு" என்று சொல்லி அனுப்பினார். அது மொக்கராசு போனில் சொன்ன அதே பாட்டு. சுருளிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்காமல் வண்டியை எடுத்தான். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லக்கூடாது என்று தெருவில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அவனைப் பார்த்ததும் பாட்டை முணுமுணுப்பதை நிறுத்தின.

சத்தம் தாங்கவில்லை என்று மேலத்தெருக்காரர் ஒருவர் புகார் கொடுத்து, கான்ஸ்டபிள் ஒருவர் நாலு மணிக்கு வந்து நின்றார். அவர் பெல்ட் பக்கிள் அதிர்ந்தது, பைக் ஸ்டாண்டோடு நகர்ந்தது, தெருவில் ஒரு வண்டியும் இல்லை. யார் மேல் கேஸ் எழுதுவது என்று தெரியாமல் வடை சாப்பிட்டுக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தார். ஜீப் வந்ததும் உள்ளே தலையை விட்டுக் கேட்டார்.

"இதுவாய்யா?"

"இதுதான் சார்" என்றான் சுருளி.

"இதுல என்னய்யா இருக்கு. எங்கக்கா மகன் ஆட்டோவுல இதைவிட நல்லாக் கேக்கும்" என்று சொல்லி, கம்பத்தில் எந்தக் கடையில் நல்லாச் செய்வார்கள் என்று இடமும் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் சுருளிக்கு லாபம்தான் என்று வெளியில் பார்க்கிறவர்கள் சொன்னார்கள். உண்மைதான். பிள்ளைகளும் புருசன்மார்களும், "பேஸ் வர்ற வண்டியிலயே போ, நீ வர்றது முன்னாடியே தெரியும்" என்று பிடிவாதம் பிடித்ததில், பால்பாண்டி ஜீப்புக்கு நகர்ந்தவர்கள் எல்லாம் திரும்பி வந்து சுருளியின் ஜீப் நிறைந்துவிட்டது. ஆனால் உள்ளே உட்கார்ந்தவர்களின் இடுப்பு அப்படியேதான் இருந்தது. தெருவில் கோழி முதற்கொண்டு எல்லோருக்கும் கிடைத்த பேஸ் வண்டியில் இருந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது வரும் நேரத்தில் அவர்கள் எல்லோரும் மலைமேல் இருந்தார்கள். சுருளி தன் பேஸை ஒரு தடவைகூடக் கேட்டது கிடையாது. எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். "நெஞ்சுக்குள்ள கையவிட்டுத் தட்டுற மாதிரி" என்றார்கள். "பஸ் மேல ஏறுற மாதிரி" என்றார்கள். அவனுக்கு ஆத்திரமாக வந்தது. பெட்டி அடித்தவன் அவன், பஞ்சு திணித்தவன் அவன்.

கம்பத்துக் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோனான். கடைக்காரர் நைனா முகமது முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து, சின்னதாக ஒரு பேட்டரியை எடுத்து ஊஃபர் வயரில் தொட்டுக் காட்டினார். ஒரு ஊஃபரின் கூம்பு வெளியே வந்தது. அதே மாதிரி இன்னொன்றில் தொட்டார். அது உள்ளே போனது.

"பாத்தியா தம்பி. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டும் சேந்து காத்தை அங்கனயே வெச்சுக்கிருதுக. இந்த வயர எங்க வாங்குன?"

"மைக்செட்டுக்காரர்கிட்ட மிச்சம் கெடந்தது பாய். ரெண்டு கம்பியும் ஒரே கலரு."

"அதான். பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துட்ட. பத்து நிமிச வேலை."

"அப்ப அந்தத் தெருவுல வர்றது?"

"இங்க இல்லாட்டி எங்கனயாச்சும் போகத்தான செய்யும்" என்றார் நைனா, வெளியே நின்ற அடுத்த காரைப் பார்த்துக்கொண்டே. "மாத்தித் தரவா?"

சுருளி மாற்றச் சொல்லியிருப்பான். வாய் வரை வந்தது. ஊரில் சொல்லாமல் செய்தால் கொன்றுவிடுவார்கள் என்று தோன்றியதால், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

தெருவில் சொன்னதும் நினைத்த மாதிரியே ஆனது. மொக்கராசு கடை முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். வால்வு திறக்கிறவர் தன் வெறும் மணிக்கட்டைக் காட்டினார். சீட்டாடுகிறவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். பால் குடிக்கிற பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு மலைக்குப் போகிற செல்லக்கனி மட்டும், "நமக்கும் இடுப்பு இருக்குல்ல" என்று சொல்லிப் பார்த்தாள். அவள் மாமியார், "இடுப்பு பெருசா, பிள்ள பெருசா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. சுருளி ஸ்க்ரூடிரைவரை டேஷ்போர்டில் போட்டுவிட்டு, தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள். தோட்டத்தில் காய் எடை போட்டு முடித்து, ஸ்டோரைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். மூடுபனியில் பத்தடிக்கு அந்தப் பக்கம் செடியா ஆளா என்று தெரியவில்லை. பெண்கள் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்து வரும்போது லோகமணியின் போன் அடித்தது. மொக்கராசு.

"வரலை" என்றார்.

"எது வரலை?"

"அதுதான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைக வந்து காப்பித்தண்ணியும் குடிச்சிருச்சுக. இன்னும் வரலை. பவுனுத்தாயி செவத்துல இருந்து கையவே எடுக்கல. நீங்க வண்டியில ஏறாதீக."

"ஏறாம?"

"அங்கனயே இருங்க."

"அங்கனயே எங்க இருக்க. ஸ்டோரப் பூட்டியாச்சு. மழை ஊத்துது."

"எனக்கென்ன தெரியும். ஏறாதீகன்னா ஏறாதீக" என்றார் மொக்கராசு. லோகமணி போனை வைத்துவிட்டு எல்லோரிடமும் சொன்னாள். அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி நின்றார்கள்.

அங்கேயே தங்கலாம் என்றாள் ஒருத்தி. எங்கே என்றாள் இன்னொருத்தி. பால்பாண்டி ஜீப்பை வரச் சொல்லலாம் என்றார்கள். பால்பாண்டி அந்த மலையிலிருந்து எப்போதோ இறங்கிப் போயிருந்தான். செல்லக்கனி மாரில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பால் கட்டி, துண்டையும் தாண்டி நனைந்திருந்தது. கீழே அவள் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்.

"நான் மட்டும் எறங்கிப் பாக்குறேன்" என்றான் சுருளி. "போய்ச் சேந்துட்டேன்னா வேற வண்டி அனுப்புறேன்."

"சேரலைன்னா?" என்றாள் லோகமணி. "உங்கம்மாகிட்ட அதை எப்படிடா கையால சொல்றது. எங்களால ஆகாது."

சுருளிக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை வந்தான். பானட்டைத் திறந்து பிரேக் ஆயிலைப் பார்த்தான், டயரை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தான், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தபோது டேஷ்போர்டில் ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் அவனுக்குத் தோன்றியது.

"சின்னம்மா. வயர மாத்துனாலும் கீழ கேக்காது."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"பேஸு வண்டிக்குள்ளயே நின்னுரும். அப்ப நாலு மணிக்கு அங்க போயிருக்காதுல்ல. இப்ப நான் மாத்துறேன்னு வெச்சுக்கங்க, அதனாலகூடக் கேக்காம இருந்திருக்கலாம்."

"அப்ப மாத்து."

"மாத்துறேன். ஆனா அதனாலதான் கேக்கலையா, இல்ல வேற எதுக்குமான்னு எனக்குத் தெரியாது. மாத்தியும்..."

"வாய மூடு" என்றாள் லோகமணி. "உனக்குத் தெரியும்னு யாரு சொன்னா. கேக்காததுக்கு ஒரு காரணம் வேணும். நல்ல காரணம் ஒண்ணு கையில இருக்கு. அதை நாமளே குடுத்துருவோம்."

செல்லக்கனி டார்ச் பிடித்தாள். சுருளி பலகையைத் தூக்கி, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டாவது ஊஃபரின் இரண்டு கம்பிகளையும் கழற்றி, இடம் மாற்றி முறுக்கினான். மழைத்தண்ணீர் அவன் முதுகில் ஓடியது. பத்து நிமிசம்கூட ஆகவில்லை. தெருவே வேண்டாம் என்று சொன்ன வேலை, அவன் மாதக்கணக்காக ஆசைப்பட்ட வேலை, முடிந்ததும் கம்பிகளை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

எல்லோரும் ஏறினார்கள். யாரும் சொல்லாமலே ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். சுருளி பாட்டைப் போட்டான்.

பேஸ் வந்தது. பலகை வழியாக, தரை வழியாக, ஸ்டியரிங் வழியாக, பல்லுக்குள் எல்லாம் வந்தது. நெஞ்சுக்குள் கையவிட்டுத் தட்டுகிற மாதிரியும் இல்லை, பஸ் ஏறுகிற மாதிரியும் இல்லை; யாரோ பின்னால் நின்று அவன் இரண்டு தோளையும் பிடித்து, நான் இருக்கிறேன், நீ ஓட்டு என்று சொல்வதைப் போல இருந்தது. நல்லா இருந்தது. பொய் சொல்ல முடியாது, அவ்வளவு பயத்திலும் நல்லாத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அவன் அன்றைக்கு ஓட்டிய மாதிரி ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்தி, ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்து, அப்புறம் இறங்கினான். பின்னால் வந்த கார்க்காரன் திட்டிக்கொண்டே முந்திப் போனான். பாதி மலையில் ஒரு வளைவைத் தாண்டியதும் ரோட்டின் நடுவில், மண்ணோடு சரிந்து வந்த பாறை ஒன்று குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. சுருளி ஊர்ந்து வந்ததால் மெதுவாக பிரேக்கில் காலை வைத்தான், வண்டி நின்றது. எல்லோரும் இறங்கி, பாறையின் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார்கள், அந்தப் பக்கத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள், முந்திப் போன கார் எதுவும் அங்கே கிடக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்கள். எப்போதும் வருகிற வேகத்தில் வந்திருந்தால் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. சுருளி ஒரு சக்கரம் ஓரத்து மண்ணில் ஏற, ஒட்டி வளைத்து வண்டியைத் தாண்ட விட்டான். அவர்கள் நடந்து தாண்டி மறுபடி ஏறினார்கள். அடிவாரம் வந்ததும் லோகமணி, "இடுப்புக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ரெண்டு பேர் இரண்டையும் செய்தார்கள்.

தெருவில் எல்லோரும் வெளியே நின்றார்கள். யாரும் அழவில்லை; அழுதால் அதுவே ஆகிவிடும் என்று பிடித்து வைத்திருந்தார்கள். ஜீப்பும் பேஸும் பாட்டும் ஒன்றாக உள்ளே வந்தன, கூரைகள் தடதடத்தன. பெண்கள் இறங்கி அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். செல்லக்கனி ஓடினாள்.

பவுனுத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகனைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தாள். அப்புறம் ஜீப்பின் பின்னால் ஏறிப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தாள். திறந்து, சுருளியைப் பார்த்து, கையைக் கீழ்நோக்கி அமர்த்திக் காட்டினாள். குறை என்று அர்த்தம்.

சுருளி குறைத்தான்.

"காலையில பழையபடி மாத்திருப்பா" என்றார் மொக்கராசு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இயல்பாக, தினமும் சொல்கிற விசயம் மாதிரி சொன்னார்.

"மாட்டேன்."

"என்னடா மாட்டேங்குற?"

"மாமா, வந்த நாளெல்லாம் உங்களுக்கு நல்லாருந்துச்சு. இன்னைக்கு வரலை. நீங்க கீழ நின்னு பயந்துக்கிட்டீங்க, அம்புட்டுத்தான். அதைக் கேட்டுட்டு மேல இருந்து வண்டிய எறக்குனது நானு. இனி என்னைக்காச்சும் மறுபடி வரலைன்னா, அன்னைக்கு மாத்த வேற வயர் கெடையாது. என்னால முடியாது."

தெருவில் பேச்சு கிளம்பியது. வெந்நீர், வால்வு, வடை, வீட்டுப்பாடம் எல்லாம் திரும்ப வந்தன. யாரோ, "உங்கம்மாவுக்காகவாச்சும்டா" என்றார். சுருளி திரும்பிப் பார்த்தான். அவளுக்கு இந்தச் சண்டை எதுவும் கேட்கவில்லை. ஜீப் பலகையில் தேங்கிய மழைத்தண்ணீரைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

சொன்னான். மலையைக் காட்டினான், சுவரைக் காட்டினான், உள்ளங்கையை விரித்து இல்லை என்று ஆட்டினான். அவள் ஈரத் தலைப்பைப் பிழிந்து உதறினாள். அப்புறம், அப்படியானால் நீ வருவது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். சுருளி இரண்டு கையையும் விரித்தான், தெரியாது என்று. அவளும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அந்த விசயத்தைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் நாலு மணிக்குத் தெருவில் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வால்வு திறக்கிறவர் வாட்சைத் தேடி எடுத்துக் கட்டினார். சீட்டாடுகிறவர்கள் ரெண்டு தடவை கையும் களவுமாக மாட்டி வசவு வாங்கினார்கள். பிள்ளைகள் மறுபடி நச்சரிக்க ஆரம்பித்தன, அவற்றுக்குச் சொல்ல யாரிடமும் பதில் இல்லாததால், பொழுது சாய்கிற நேரத்துக்கு அவற்றைக் கூட்டிக்கொண்டு தெரு முனைக்கு வந்து நிற்பது பழக்கமாகிவிட்டது. மொக்கராசும் கடையை விட்டு இறங்கி வந்து நிற்கிறார். பவுனுத்தாயியும் வந்து நிற்கிறாள்.

மலைப்பாதையில் மேலே ஒரு வெளிச்சம் தெரியும். வளைவில் மறையும். அதற்குக் கீழ் வளைவில் மறுபடி தெரியும்.

"நம்ம வண்டிதான்" என்பார் மொக்கராசு.

"எப்படிச் சொல்றீக?"

"சும்மாதான்."

கிட்டே வந்தால் அது காய்கறி லாரியாக இருக்கும். லாரி போனதும் எல்லோரும் மறுபடி மேலே பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் இருட்டாக இருக்கும். அப்புறம் இன்னொரு வெளிச்சம் தெரியும்.